திருப்பாப்புலியூர் பாய் கடை மூடுகிறார்கள்: பார்ட்ஸ் வாங்கியவர்கள் கொஞ்சம் வாருங்கள்

கெடிலக்கரை

லாரன்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் கடையை இந்த மாதக் கடைசியோடு மூடுகிறார்கள். ஃபேனுக்கு 2.5 எம்.எஃப்.டி. கண்டென்சர் வாங்கப் போன இடத்தில் பாயே சொன்னார். "இருக்கிற சரக்கைக் கழிச்சுட்டு சாவியைக் குடுத்துடணும் தம்பி." கடைப் பெயரை நெட்டில் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. கடலூரில் சால்டரிங் அயர்ன் பிடித்தவர்களுக்குப் பாய் கடை என்றாலே போதும்.

தெரியாதவர்களுக்காக: கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுவிடலாம், அவ்வளவுதான் அகலம். உள்ளே மட்டும் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர டிராயர்கள். எதிலும் பெயர் எழுதியிருக்காது. உள்ளே என்ன இருக்கிறதோ அதில் ஒன்றை முகப்பில் ஒட்டி வைத்திருப்பார். டையோடு வேண்டுமா, டையோடு ஒட்டிய டிராயரை இழு.

டிரான்சிஸ்டர் கேட்டால் எடுத்து அப்படியே நீட்ட மாட்டார். பழைய முள் மீட்டரில் காலுக்குக் கால் வைத்துப் பார்ப்பார். முள் எழ வேண்டிய இடத்தில் எழுந்து, படுக்க வேண்டிய இடத்தில் படுத்தால்தான் காலண்டர் தாளில் மடித்துக் கொடுப்பார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ரெசிஸ்டரையும் மீட்டரில் வைத்துத்தான் தருகிறார். ரெசிஸ்டரின் மதிப்பை அதன் மேல் இருக்கும் நிறக் கோடுகளை வைத்துத்தான் படிக்க வேண்டும். "இந்த நீல உடம்பு ரெசிஸ்டர்ல பிரவுனும் சிவப்பும் ஒண்ணாத் தெரியுது" என்கிறார். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது, நான் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை.

ஒருமுறை பழைய பாக்கெட் ரேடியோ ஒன்றைத் திறந்துவிட்டு பி.எஃப்.194 டிரான்சிஸ்டர் கேட்டுப் போனேன். "194 இப்ப வர்றதில்ல. 494 போடு. ஆனா காலைப் பார்த்துப் போடு. 547 மாதிரி நடுக்கால் பேஸ் இல்ல, இதுல நடுவுல எமிட்டர்." சொன்னதோடு விடாமல் தாளின் பின்பக்கம் மூன்று கோடு கிழித்து எது எந்தக் கால் என்று எழுதியும் கொடுத்தார். சாமான் விலை இரண்டோ மூன்றோ ரூபாய்.

வாங்கியவர்கள் எழுதுங்கள். சரக்கை என்ன செய்யலாம் என்று யாருக்காவது யோசனை இருந்தால் அதையும் சொல்லுங்கள். பாதிக் கடை அப்படியே நிற்கிறது.

555டைமர்

வருத்தமான செய்திதான் அண்ணே. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா? நான் கல்லூரி முடித்த பிறகு அந்தப் பக்கம் போனதே இல்லை. ஈ.எஸ்.பி.32 (வைஃபை உள்ள கன்ட்ரோலர் போர்டு) கேட்டால் "அது என்ன" என்பார். ஸ்டெப்பர் டிரைவர் கேட்டால் இல்லை. இருந்தாலும் ஆன்லைன் விலையைவிடக் கூடுதல். வீட்டில் உட்கார்ந்தபடி ஆர்டர் போட்டால் மூன்று நாளில் வாசலுக்கு வந்துவிடுகிறது. ஆன்லைன்தான் இந்தக் கடைகளை முடித்தது. நாம் எல்லோரும் சேர்ந்துதான் முடித்தோம்.

கெடிலக்கரை

» ஆன்லைன்தான் இந்தக் கடைகளை முடித்தது

ஆன்லைனில் வாங்க சாமானின் பெயர் தெரிய வேண்டும் தம்பி. கருகிப்போய் எழுத்தே தெரியாத ஒன்றைக் கையில் கொண்டுபோய் "இது எது?" என்று கேட்க எந்த வெப்சைட்டில் இடம் இருக்கிறது? பாய் அதை வாங்கிப் பார்த்து, போர்டு எங்கே என்பார். போர்டைப் பார்த்துவிட்டு, இது போனதற்குக் காரணம் வேறொன்று, அதை மாற்றாமல் இதை மட்டும் போட்டால் இதுவும் போகும் என்பார். போட்டால் போகவும் செய்யும்.

555டைமர்

அதற்கு இப்போது யூடியூப் இருக்கிறதே.

நெல்லிக்குப்பத்தான்

இரண்டு பேரும் சண்டை போட வேண்டாம், இரண்டு பேர் சொல்வதும் காரணம் இல்லை. நான் டி.வி. மெக்கானிக். பாய் கடை வாடகையைக் கட்டியது எங்களை மாதிரி ஆட்கள். நீங்கள் ஒரு எல்.இ.டி., ஒரு 555 டைமர் ஐ.சி. என்று பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவீர்கள். தப்பில்லை, அவருக்கும் பேசப் பிடிக்கும். ஆனால் காலையில் ஒன்பது மணிக்கு ஷட்டர் தூக்கும்போது வாசலில் சைக்கிளிலும் டி.வி.எஸ்.50-லும் நின்றவர்கள் நாங்கள். நெல்லிக்குப்பம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, அந்தப் பக்கம் பரங்கிப்பேட்டை வரைக்கும் மெக்கானிக்குகள் வருவார்கள்.

பிக்சர் டியூப் டி.வி. காலத்தில் என்ன போகும் என்று எங்களுக்கு மனப்பாடம். லைன் போய்விட்டது என்றால் பி.யு.208 டிரான்சிஸ்டர், கூடவே எல்.ஓ.டி. என்கிற லைன் டிரான்ஸ்பார்மரைப் பார்க்க வேண்டும். படம் நடுவில் ஒரே கோடாக நின்றால் வெர்ட்டிகல் ஐ.சி. ஐப்பசி கார்த்திகையில் இடி இடித்த மறுநாள் பவர் சப்ளை சாமான் எல்லாம் பெட்டி பெட்டியாகப் போகும். ஒவ்வொன்றிலும் நான்கைந்து ஸ்டாக் இல்லாமல் மெக்கானிக் வெளியே கிளம்ப மாட்டான்.

2006-இல் அரசு இலவசக் கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தார்கள். தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல். 14 இஞ்ச் டி.வி., வீட்டுக்கு வீடு. வாரண்டி முடிந்ததும் எல்லாம் எங்களிடம்தான் வந்தது. ஒரே மாதிரி செட்டு என்பதால் ஒரே மாதிரி கம்ப்ளைண்ட், ஒரே மாதிரி சாமான். பாய் அந்த செட்டுக்கான சாமானை மட்டும் தனி டிராயரில் போட்டு வைத்திருந்தார். அப்புறம் 2011-இல் இலவச மிக்சி, கிரைண்டர், ஃபேன். அதற்கு கார்பன் பிரஷ், கண்டென்சர், சுவிட்ச். பிக்சர் டியூப் கடையிலிருந்து போன பிறகும் பாய் கடை இத்தனை வருஷம் ஓடியது என்றால் அந்த மிக்சியும் ஃபேனும்தான் காரணம்.

இப்போது எல்.இ.டி. டி.வி. "சவுண்ட் இருக்கு, படம் இல்ல" என்று வருவார்கள். பின்னால் இருக்கிற பல்புப் பட்டையில் ஒன்று போனாலும் வரிசையே அணைந்துவிடும், பட்டையோடு மாற்ற வேண்டும். பேனல் உடைந்தால் செட்டையே தூக்கிப்போட வேண்டியதுதான், அதன் விலைக்குப் புதுசே வாங்கலாம். போர்டு போனால் போர்டு. சின்ன சாமான் பார்த்து மாற்றும் வேலை பாதி போய்விட்டது. பட்டையும் போர்டும் மாடலுக்கு மாடல் வேறு, பாய் எத்தனையைத்தான் வாங்கி வைப்பார்? நான் சென்னை ரிச்சி தெருக் கடைகளுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறேன், பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுகிறார்கள். சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் போய் எடுத்துக்கொள்கிறேன். பாய்க்கும் இது தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

555டைமர்

இது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணே. நாங்கள் ப்ராஜெக்ட் பசங்கள்தான் பெரிய கஸ்டமர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நெல்லிக்குப்பத்தான்

ப்ராஜெக்ட் சீசன் இரண்டு மாதம். அதிலும் பாதிப் பேர் சென்னையில் ரெடிமேடாக வாங்கிவிடுவீர்கள் :)

கணக்குப்பிள்ளை

பழைய கடை மூடினால் கண்ணீர் விடுவது நம் ஊரில் ஒரு பழக்கம். திறந்திருக்கும்போது பேரம் பேசுவோம், மூடும்போது கட்டுரை எழுதுவோம்.

கணக்காகப் பார்க்கலாம். இந்த வகைக் கடையில் முதல் முழுக்க டிராயரில் முடங்கிக் கிடக்கும். நூறு வகை சாமான் வைத்தால் பத்துதான் ஓடும். ஓடாததை எறியவும் மனசு வராது. எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் வைத்தே இருந்தால் கெட்டுப்போகும், ஐ.சி.யின் கால் கறுத்துவிடும். நம் ஊர் உப்புக்காற்றில் கேட்கவே வேண்டாம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது இரண்டு ரூபாய் ரெசிஸ்டருக்கும் கொள்முதல் பில் வேண்டும் என்றானது. துண்டுச்சீட்டில் நடந்த வியாபாரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது லேசான வேலை இல்லை.

அடுத்தது வாடகை. பழைய 1960 சட்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் பழைய வாடகையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2017-இல் போட்ட புது வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் அதையே காரணமாகச் சொல்லி உரிமையாளர் காலி செய்யக் கேட்கலாம். வாய்ப்பேச்சில் முப்பது நாற்பது வருஷம் இருந்த கடைகளுக்கு இது பெரிய அடி. பாய் கடை விஷயம் என்னவென்று தெரியாது, பொதுவாகச் சொல்கிறேன்.

இன்னொன்று. அங்கே வாங்கிய 3055 பவர் டிரான்சிஸ்டர் எனக்கு ஒரே நாளில் போயிருக்கிறது. டூப்ளிகேட் சரக்கும் அங்கே உண்டு. அதையும் எழுதுங்கள்.

கெடிலக்கரை

3055-இல் டூப்ளிகேட் இல்லாத கடை இந்தியாவில் எங்கே இருக்கிறது சார்? பாயிடம் இரண்டு வகை உண்டு. "இது பழைய சரக்கு, இது சைனா" என்று சொல்லித்தான் விலை சொல்வார். ஒருநாள் சந்தேகப்பட்டுக் கேட்டேன். சைனா ஒன்றையும் பழையது ஒன்றையும் வைஸில் பிடித்து மேல்மூடியை அரத்தால் ராவித் திறந்து காட்டினார். பழையதில் உள்ளே இருந்த சிலிக்கான் சில்லு நல்ல அகலம். சைனாவில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். "எழுத்து ரெண்டுலயும் ஒண்ணுதான் தம்பி. கரண்டு எழுத்தைப் பார்த்தா ஓடுது?" என்றார். திறந்து பாழான இரண்டுக்கும் என்னிடம் காசு கேட்கவில்லை.

நீங்கள் எதைக் கேட்டு வாங்கினீர்கள்?

கணக்குப்பிள்ளை

விலை குறைந்ததை.

நெல்லிக்குப்பத்தான்

:)

தேவனாம்பட்டினம்

எல்லோரும் டி.வி., ரேடியோ என்றே பேசுகிறீர்கள். எங்கள் படகுக்காரர்களுக்கும் அந்தக் கடைதான். விசைப்படகில் பேசுவதற்கு வி.எச்.எஃப். செட், ஆழம் பார்க்க எக்கோ, ஜி.பி.எஸ். எல்லாம் இருக்கும். செட் லேசில் போகாது. போவது கேபிளும் கனெக்டரும்தான். ஆன்டெனா கம்பத்து உச்சியில் உப்புத்தண்ணி இறங்கினால் செம்பு பச்சை பூத்து, பத்து மைல் தாண்டினால் பேச்சு கேட்காது. கரையில் இருக்கும்போது 16-ஆம் சேனலில் நன்றாகக் கேட்கும், அதனால் செட்டு சரியாக இருக்கிறது என்று நம்பிப் போய்விடுவார்கள். உள்ளே போனபிறகுதான் தெரியும்.

ஆன்டெனா கேபிள் முனையில் போடும் பி.எல்.259 கனெக்டர் பாயிடம் இரண்டு விதம் இருக்கும். உள்ளே வெள்ளை டெஃப்லான் இருப்பது ஒன்று, கறுப்பு பிளாஸ்டிக் இருப்பது ஒன்று. பிளாஸ்டிக் உள்ளதை சால்டர் வைக்கும்போதே சூட்டில் இளகி நடு ஊசி சாய்ந்துவிடும். சாய்ந்தது வெளியே தெரியாது. "கடலுக்குப் போறதுக்கு இதைக் குடுக்க மாட்டேன், வீட்டு டி.வி.க்கு வேணா எடுத்துக்க" என்பார். போட்ட பிறகு ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றச் சொல்வார், சும்மா ஒட்டினால் போதாது. நான் சுற்றிக் காட்டியதைப் பிரித்துவிட்டு மறுபடி சுற்றச் சொல்லியிருக்கிறார்.

போன வருஷம் ஒரு ஆன்லைன் கடையில் டெஃப்லான் என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். சால்டர் ஒட்டவே இல்லை, முலாம் அப்படி. திருப்பி அனுப்ப முடியாது என்றார்கள். பாய் மூடிவிட்டால் இனி இதற்காகச் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

555டைமர்

அண்ணே, ஆன்லைனிலும் நல்ல கனெக்டர் கிடைக்கிறது. எந்தக் கடை என்று தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

தேவனாம்பட்டினம்

அனுப்புங்க தம்பி. ஆனால் ராத்திரி மூன்று மணிக்குப் படகு கிளம்ப வேண்டும், சாயந்திரம் ஆறு மணிக்குக் கனெக்டர் போய்விட்டது, அப்போது என்ன செய்வது?

புதுவைக் காற்று

பாண்டியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரிலும் இதே கதைதான், நேரு வீதி பக்கம் இருந்த பார்ட்ஸ் கடைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தையில் பழைய சார்ஜரும் ரிமோட்டும் கிடைக்கும், சாமான் கிடைக்காது.

உங்கள் பாயை எனக்கும் தெரியும். ஜி.எஸ்.டி.க்கு முந்தைய காலத்தில் பாண்டியில் வரி குறைவு, அதனால் கடலூர்க்காரர்கள் டி.வி., ஃப்ரிட்ஜ் வாங்க எங்கள் ஊருக்கு வருவார்கள். நாங்கள் அதே டி.வி.க்கு சாமான் வாங்க உங்கள் ஊருக்கு வருவோம். செக்போஸ்டில் இரண்டு கூட்டமும் எதிரெதிரே போகும்.

எங்களுக்கென்று தனி வில்லங்கம் ஒன்று இருந்தது. பிரான்சில் இருந்துவிட்டு வந்த சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தார்) குடும்பங்கள் ஆசை ஆசையாய் அங்கிருந்து டி.வி. கொண்டுவருவார்கள். இங்கே போட்டால் முகம் கறுப்பாகவும் தலைமுடி வெள்ளையாகவும் நெகட்டிவ் ஃபிலிம் போலத் தெரியும், சத்தம் வராது. டி.வி. ஒளிபரப்பு முறை பிரான்சில் செக்காம் (SECAM), நம் ஊரில் பால் (PAL). கலர் மட்டும் வித்தியாசம் என்றால் கறுப்பு வெள்ளையிலாவது பார்க்கலாம். அவர்கள் படத்தை ஏற்றி அனுப்பும் முறையே நம்முடையதற்குத் தலைகீழ். சத்தம் அங்கே 6.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஏ.எம்.-இல் வரும், இங்கே 5.5-இல் எஃப்.எம். புதுசாக வாங்கிய டி.வி. கெட்டுப்போய்விட்டது என்று அந்த வீட்டுப் பெரியவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் தெரு மெக்கானிக் இப்படி ஒரு செட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பாயிடம் வந்தார். 5.5 ஃபில்டரும் சவுண்ட் ஐ.சி.யும் வாங்க வேண்டும் என்று. பாய் எல்லாம் கேட்டுவிட்டு, "சவுண்டை நான் குடுக்கிற சாமானில் கொண்டுவந்திடலாம். படத்தைத் திருப்ப அவன் ஐ.சி.க்குள்ளேயே கை வைக்கணும். உங்க உழைப்பைக் கணக்குப் பார்த்தா புது டி.வி. வாங்கிடலாம். அவங்க அங்கேருந்து வீடியோ கேசட் டெக்கும் கொண்டாந்தாங்களா? அப்ப இதை அதுக்கு மட்டும் வச்சுக்கச் சொல்லுங்க" என்றார். விற்றிருந்தால் அன்றைக்கு அவருக்கு நல்ல வியாபாரம். மெக்கானிக்குக்குத்தான் கோபம், திரும்பி வரும்போது பஸ்ஸில் பேசவே இல்லை.

கெடிலக்கரை

இது எனக்குத் தெரியாத கதை. அருமை.

பழைய பையன்

பாய் கடையில் பத்தாவது முடித்ததிலிருந்து ஐந்தாறு வருஷம் வேலை பார்த்தவன் நான். இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். நிறையப் பேர் நிறைய எழுதியிருக்கிறீர்கள், இரண்டு மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

மாதம் ஒருமுறை ரிச்சி தெருவுக்குப் போவோம். விடிகாலை பஸ். நரசிங்கபுரம் தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, கோணிப்பையில் கட்டி, ராத்திரி பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு வருவோம். டிரான்ஸ்பார்மர் மூட்டையை ஏற்றினால் கண்டக்டர் லக்கேஜ் கேட்பார். சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகிறதோ அவ்வளவையும் லக்கேஜ் பேரத்தில் மிச்சம் பிடித்துவிடுவார் பாய்.

தானே புயல் சமயத்தில் நான் கடையில்தான் இருந்தேன். 2011 டிசம்பர் 30 காலையில் அடித்தது. போஸ்ட் கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்தது, கரண்ட் வர நாளாகும் என்று தெரிந்துவிட்டது. பாய் ஜெனரேட்டர் கொண்டுவந்து வைத்து, நீளப் பலகையில் பிளக் பாயிண்ட் அடித்துக் கொடுத்தார். செல்போன் சார்ஜ் போட வரிசை நின்றது. சும்மா செய்தார் என்று யாரும் எழுதிவிடாதீர்கள், போனுக்குப் பத்து ரூபாய் வாங்கினார். டீசல் வாங்க அவரும் பங்கில் வரிசையில் நின்றார். காசு இல்லை என்று சொன்னவர்களிடம் வாங்கவில்லை, அதுவும் உண்மை. அதற்கு அடுத்த வருஷம் பவர்கட் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருந்தது இல்லையா, அந்த வருஷம்தான் கடையில் கூட்டம் அதிகம். எமர்ஜென்சி லைட், இன்வெர்ட்டர் சாமான், ஆறு வோல்ட் பேட்டரி. ஊருக்கு இருட்டு, கடைக்கு வெளிச்சம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

மூடுவதற்குக் காரணம் ஆன்லைனும் இல்லை, ஜி.எஸ்.டி.யும் இல்லை. ஜி.எஸ்.டி. வந்தபோது அவர் மகள் உட்கார்ந்து மொத்தக் கணக்கையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்துவிட்டார். கட்டிடத்துக்காரர் போன பிறகு பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டு விற்கிறார்கள். வேறு இடம் பார்க்கலாம் என்று மகளே சொன்னாராம். பாய்க்கு எழுபது தாண்டிவிட்டது. "அந்த டிராயரை எல்லாம் பிரிச்சு எடுத்து மறுபடி அடுக்க எனக்கு ஆயுசு வேணும்" என்றார். போனில் பேசினேன், குரல் நன்றாகத்தான் இருந்தது.

கணக்குப்பிள்ளை

அப்போ நான் சொன்ன இரண்டில் ஒன்று பாதி சரி.

555டைமர்

சரக்கு விஷயத்துக்கு வருவோம். கெடிலக்கரை அண்ணே, அங்கே ஏ.சி.128 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இருக்கிறதா? பழைய ரேடியோவில் அவுட்புட்டுக்குப் போடுவார்களே, அது. கிட்டாரில் ஃபஸ் என்று ஒரு பெடல் உண்டு, அதற்கு அந்த டிரான்சிஸ்டரைத்தான் தேடுவார்கள். வெளிநாட்டில் நல்ல விலை. பாயிடம் ஒரு பெட்டி இருந்தாலும் மற்ற டிராயர் எல்லாவற்றையும்விட அதுதான் மதிப்பு. யாரும் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட விட்டுவிடாதீர்கள்.

நெல்லிக்குப்பத்தான்

இதை இங்கே எழுதாமல் நேராகப் போய் எடைக்கு வாங்கியிருக்கலாமே தம்பி. நல்ல பையன்.

கெடிலக்கரை

போய்க் கேட்டேன். பெட்டி இருக்கிறது, கூடவே ஏ.சி.127-ம் கொஞ்சம். நாம் போய்ச் சொல்லி அவர் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் பாய் இல்லை. பெங்களூரிலிருந்து ஒரு பையன் கிட்டாருக்கு என்று சொல்லி இரண்டு வருஷம் முன்பே வந்து வாங்கிப் போனானாம். "அள்ளிக்கிட்டுப் போகாதீங்க. ஜெர்மானியம், பாதி லீக் ஆகும். வெயில் நேரத்துல இன்னும் லீக் ஆகும். காலைல குளிர்ல மீட்டர் வச்சு, நல்லதைத் தனியா எடுத்துத் தர்றேன். மிச்சத்தை வச்சு யாரையும் ஏமாத்தக் கூடாது" என்றார். எண்ணிக் கொண்டிருக்கிறார். 555 தம்பி, நீங்களே வந்து பேசி விற்றுக் கொடுப்பதாக இருந்தால் வரச் சொன்னார். கமிஷன் கேட்டால் தருவார் போலிருக்கிறது.

555டைமர்

கமிஷன் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். டிராயர் முழுவதையும் படம் எடுத்து இங்கேயே பட்டியல் போடுகிறேன், தேவைப்படுகிறவர்கள் சொல்லட்டும்.

கணக்குப்பிள்ளை

பட்டியல் போடும்போது விலையையும் போடுங்கள். "பார்த்துக் கொடுங்க" என்று எழுதினால் யாரும் பார்த்துக் கொடுக்க மாட்டார்கள்.

இயற்பியல் டீச்சர்

இந்த இழையை இன்றுதான் பார்த்தேன். முதுநகர் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். எங்கள் ஆய்வகம் இந்தக் கடையை நம்பித்தான் ஓடியது என்று சொல்ல வேண்டும்.

செய்முறைத் தேர்வில் டையோடு, சீனர், டிரான்சிஸ்டர், லாஜிக் கேட் எல்லாம் உண்டு. லாஜிக் கேட் ஐ.சி.க்கு ஐந்து வோல்ட்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளையாவது ஒன்பது வோல்ட் பேட்டரியை மாட்டிவிடும், அல்லது ஐ.சி.யைத் திருப்பிச் செருகும். தொட்டால் விரல் சுடும், அவ்வளவுதான், போய்விட்டது. மறுநாள் வெளித்தேர்வாளர் வருவார். சாயந்திரம் ஐந்து மணிக்குக் கடைக்கு ஓடினால், நான் வாயைத் திறக்கும் முன்பே "08-ஆ, 32-ஆ டீச்சர்?" என்று கேட்பார். ஜனவரி பிறந்ததும் எல்லாப் பள்ளிக்கும் சேர்த்து இருபத்தைந்து முப்பது வாங்கி வைத்துவிடுவார். பில்லில் பள்ளிப் பெயர் சரியாக எழுதித் தருவார். அது இல்லாமல் எங்களுக்குப் பணம் வராது, அதுவும் அவருக்குத் தெரியும்.

ஒருமுறை எங்கள் மாணவி ஒருத்தி அறிவியல் கண்காட்சிக்குத் தண்ணீர்த் தொட்டி அலாரம் செய்தாள். சர்க்யூட் எல்லாம் சரி, ஆனால் தண்ணீரில் வைத்த கம்பி இரண்டு நாளில் துருப்பிடித்து வேலை செய்யவில்லை. கடையில் கொண்டுபோய்க் காட்டினாள். "சர்க்யூட்டை விடும்மா. கம்பி இரும்பு. பழைய பேனா பேட்டரியை உடைச்சு நடுவுல இருக்கிற கரிக்குச்சியை எடுத்து வை" என்றாராம். வைத்தாள், வேலை செய்தது. சாமான் எதுவும் வாங்கவில்லை.

555டைமர், உங்கள் பட்டியலில் முதலில் 74 வரிசை ஐ.சி.களைப் போடுங்கள். 7400, 02, 04, 08, 32, 86 எது இருந்தாலும் எங்களுக்கு வேண்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களிடமும் சொல்கிறேன். பிரெட்போர்டு இருந்தால் அதுவும்.

தேவனாம்பட்டினம்

டெஃப்லான் கனெக்டர் மொத்தத்தையும் நான் எடுத்துக்கொள்கிறேன். பட்டியலில் போட வேண்டாம். எங்கள் பக்கம் பத்துப் படகுக்காவது வேண்டும்.

நெல்லிக்குப்பத்தான்

எல்.ஓ.டி. பத்துப் பதினைந்து இருக்கும், அதை யார் எடுப்பார்கள்? எனக்கே வேண்டாம். செம்புக்குப் போட்டால் வருகிற காசு வரட்டும் என்று சொல்லிவிடுங்கள். பி.யு.208 மட்டும் ஒன்றிரண்டு எடுத்துக்கொள்கிறேன். பண்ருட்டியில் ஒரு பெரியவர் இன்னும் டியூப் டி.வி.யைத்தான் பார்க்கிறார். எல்.இ.டி. டி.வி. வாங்கித் தருகிறேன் என்று மகன் சொன்னால் சண்டைக்கு வருகிறார்.

புதுவைக் காற்று

மர டிராயர்களை விற்கிறாரா? பாண்டியில் பழைய மரச்சாமான் கடைக்காரர்கள் நல்ல விலைக்கு எடுப்பார்கள்.

கெடிலக்கரை

டிராயர் விற்பனைக்கு இல்லை, மகள் எடுத்துக்கொள்கிறாராம்.

டீச்சர், உங்களுக்காகக் கேட்டு வந்தேன். 7400, 04, 08 இருக்கிறது. 32 தீர்ந்துவிட்டது. 86 நான்குதான், எடுத்து உங்கள் பள்ளிப் பெயர் எழுதி வைத்துவிட்டார். பிரெட்போர்டு பழசு, ஓட்டை தளர்ந்திருக்கும், வாங்க வேண்டாம் என்றார். தேவனாம்பட்டினத்து அண்ணே, கனெக்டர் உங்களுக்குத்தான், ஆனால் கறுப்பு பிளாஸ்டிக்கும் டெஃப்லானும் ஒரே டிராயரில் கலந்து கிடக்கிறது, வந்து நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

வருகிறவர்கள் கவனிக்க: வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மாவுக்கு மூடி மூன்று மணிக்கு மேல்தான் திறப்பார். சாயந்திரம் ஏழோடு சரி. ஜி-பே உண்டு, மகள் நம்பருக்குப் போகும், சத்தப்பெட்டி கிடையாது. அதனால் அவர் போன் போட்டுக் கேட்கிற வரை நின்றுவிட்டு வாருங்கள். சில்லறையாகக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.